வெயில்கண்ணுக்கு வைத்த பொட்டு

“வெயில் அடிக்குது, கரண்டு வருது. நடுவுல ஒனக்கு என்ன மாப்ள வேலை?”

என் மனைவியின் அண்ணன் இந்தக் கேள்வியைக் கல்யாணப் பந்திகளில்தான் கேட்பார். இலை போட்டு, பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்த பிறகு, எல்லாருக்கும் காதில் விழுகிற மாதிரி கேட்பார். சோலார் பிளான்ட்டில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் சிரித்தே சமாளித்தேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் சாம்பார் போய் ரசம் வந்துவிடும். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். பதில் சொல்ல நேரம் நிறைய இருக்கிறது.

போன மாதம் பிளான்ட்டிலிருந்து இளம் இன்ஜினியர்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். பேனல்களைத் துடைக்க இயந்திரம் வந்துவிட்டதாம். வரிசையின் மேலேயே ஓடி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தூரிகையால் தூசியைத் தள்ளிவிடுகிறதாம். “அந்தக் காலத்துல ஆளுங்க நின்னு தண்ணி விட்டுக் கழுவுனாங்களாமே சார்?” என்று ஒருவர் கேட்டார். அவர் அந்தக் காலம் என்றது ஆறேழு வருஷத்துக்கு முந்தியதை. புதிதாகச் சேருகிறவர்கள் படிக்க உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்றார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை மரியாதைக்குச் சொன்னேன். அவர்கள் பைக் தெருமுனை திரும்புவதற்குள் பேப்பர் தேட ஆரம்பித்துவிட்டேன்.

என் பெயர் தங்கவேல். இலுப்பூர்ப் பக்கம். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்து, ஒரு நூற்பாலையில் இருபது வருஷம் மோட்டார்களோடு மல்லுக்கட்டினேன். பிறகு ஆலையை மூடினார்கள். நாற்பத்தைந்து தாண்டியவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று நான் முழித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், குன்றாண்டார்கோவில் போகிற வழியில் கருவேலமும் சரளையுமாகக் கிடந்த மேட்டில் சோலார் பிளான்ட் வருகிறது என்று கேள்விப்பட்டேன். தூண் நட்ட நாளிலிருந்து மின்சாரம் கம்பியில் ஏறிய நாள் வரை கூடவே நின்றேன். அதுதான் என் பயிற்சி. பராமரிப்பை ஏற்ற கம்பெனி என்னை ஷிப்ட் சூப்பர்வைசராக வைத்துக்கொண்டது.

எங்கள் சைட்டுக்குத் தலைமை கலைவாணி மேடம். கரூர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். சுடிதாருக்கு மேல் ஆரஞ்சுச் சட்டை, காலில் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ், தலையில் வெளுத்துப்போன தொப்பி. தோட்டக்காரரைக்கூட நீங்க என்றுதான் சொல்வார், என்னைத் தங்கவேல் சார் என்பார். சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஆனால் அவர் முன்னால் போய் நிற்கும் முன் எல்லாரும் ஒரு தடவை மூச்சு இழுத்துவிட்டுக்கொள்வோம். எதைச் சொன்னாலும் முதலில் ஒரே கேள்விதான் வரும்.

“அளந்து சொல்றீங்களா, நெனச்சுச் சொல்றீங்களா?”

பெட்டி சூடாகிறது என்று போய்ச் சொன்னால் இந்தக் கேள்வி. வேலிப் பக்கம் மரம் வளர்ந்து நிழல் விழுகிறது என்றால் இந்தக் கேள்வி. மீட்டரையோ டேப்பையோ எடுத்துக்கொண்டு திரும்பி நடக்க வேண்டியதுதான். முதல் ஆறு மாதம் எனக்கு எரிச்சலாக வந்தது. மோட்டாரின் மேல் புறங்கையை வைத்தே அது எத்தனை நாள் ஓடும் என்று சொன்னவன் நான், என்னைப் போய் இந்தப் பிள்ளை கேள்வி கேட்கிறதே என்று இருந்தது. மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

அவர் கத்தி நான் கேட்டது ஒரே ஒரு தடவை. பேனல்களைச் சரம் சரமாகக் கோத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து சரங்களின் கம்பிகள் வரிசைக்குக் கீழே ஒரு பெட்டியில் வந்து சேரும். பெட்டிக்குள் சரத்துக்கு ஒரு ஃபியூஸ். ஒரு நாள் மதியம் ஒரு சரத்தில் கரண்ட் வரவில்லை என்று பெட்டியைத் திறந்தேன். ஆலைப் பழக்கத்தில், எது என்று இழுத்துப் பார்ப்போமே என்று கையை நீட்டினேன்.

“தங்கவேல், கைய எடுங்க!”

சார் போடாமல் அவர் என்னைக் கூப்பிட்டது அன்று மட்டும்தான். பேனலின் நிழலில் என்னை உட்காரவைத்தார். பிறகு விளக்கிச் சொன்னார். ஆலையில் நான் பழகிய ஏ.சி. கரண்ட் ஒரு நொடிக்குள் நூறு தடவை நின்று நின்று போகும், அதனால் பிரித்தால் அறுந்துவிடும். பேனலில் வருவது டி.சி., நிற்காமல் ஒரே போக்கில் போவது. ஓட்டத்தில் இருக்கும்போது ஃபியூஸைப் பிடுங்கினால் அந்த இடைவெளியில் நெருப்பு வளைந்து நின்று எரியும், முகம் போய்விடும். முதலில் பெட்டியின் பெரிய சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு கிளாம்ப் மீட்டரைக் கம்பியில் மாட்டிப் பூஜ்யம் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் கை. “சுவிட்ச அணைச்சிட்டோம்னு நெனைக்கிறது போதாது சார். பூஜ்யத்தக் கண்ணால பாக்கணும்” என்றார். அன்றைக்குப் பிறகு அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இல்லை.

இனி மைத்துனருக்கு உரிய பதிலுக்கு வருகிறேன். வெயில் அடித்தால் கரண்ட் வரும், சரி. அடித்த வெயிலுக்கு எவ்வளவு வந்திருக்க வேண்டும், எவ்வளவு வந்தது? மில்லில் ஒரு மூட்டை நெல் கொடுத்தால் இவ்வளவு அரிசி வர வேண்டும் என்று கணக்கு இருக்கிறதல்லவா, அது மாதிரி. நூற்றுக்கு இத்தனை என்று சொல்கிற அந்த அளவுக்கு எங்கள் தொழிலில் பெயர் பி.ஆர். மேகம் போட்டால் கரண்ட் குறையும், ஆனால் பி.ஆர். குறையக் கூடாது. அது குறைந்தால் குற்றம் வானத்தில் இல்லை, எங்களிடம். எங்கோ கம்பி சூடாகிறது, எங்கோ தூசி படிந்திருக்கிறது, எங்கோ ஒரு சரம் செத்துக் கிடக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் என் வேலை. அதை நான் நன்றாகவே செய்தேன்.

இந்தக் கணக்குக்கு வெயிலை அளக்க வேண்டும். பேனல் சாய்ந்திருக்கிற அதே சாய்வில், முதல் வரிசையின் ஓரத்தில், நெஞ்சுயரத் தூணில் ஒரு கருவி இருக்கும். உள்ளங்கை அளவுதான், மேலே கண்ணாடிக் குமிழ். அதற்குப் பைரனோமீட்டர் என்று பெயர். அந்தப் பெயரை வாயில் நுழைக்க முயன்று தோற்ற எங்கள் ஆட்கள் அதை வெயில்கண்ணு என்றார்கள். தினமும் காலை ஆறரை மணிக்கு ஷிப்ட் சூப்பர்வைசர் போய் மெல்லிய துணியால் அந்தக் குமிழைத் துடைத்துவிட்டு, லாக் புத்தகத்தில் ‘குமிழ் துடைக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அத்தனை பெரிய பிளான்ட்டின் பெயரும் அந்தக் குமிழ் சொல்வதை நம்பித்தான் இருந்தது.

வெயில்கண்ணு என்று பெயர் வைத்தது பாக்கியம். பேனல் கழுவும் பெண்கள் பதினெட்டுப் பேருக்குத் தலைமை அவர்தான். பக்கத்துக் கிராமம். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் நீளக் கம்பு வைத்த துடைப்பான். விராலிமலைப் பக்கத்து மயில்கள் எங்கள் பேனல்களைத் தங்களுக்குப் போட்ட மேடை என்று நினைத்துக்கொண்டிருந்தன. எந்த வரிசையில் மயில் உட்கார்ந்து எழுந்திருக்கிறது என்று வேலிப் பக்கம் நின்றே சொல்லிவிடுவார் பாக்கியம். எச்சம் காய்ந்தால் அந்த இடம் மட்டும் சூடேறிப் பேனலே கெட்டுவிடும் என்பதால், அவர் சொன்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஏழு நாள் சோதனை நடக்கும். பிளான்ட்டின் உரிமையாளர் தரப்பில் ஒரு பரிசோதகர் வந்து தங்குவார். ஏழு நாளின் சராசரி பி.ஆர். குறைந்தபட்சம் எழுபத்தாறு இருக்க வேண்டும். குறைந்தால் பராமரிப்பு எங்கள் கம்பெனியிடமிருந்து கைமாறிவிடும். அந்த வருஷம் காத்துக்கொண்டிருந்த புதுக் கம்பெனி தன் ஆட்களையே கூட்டிவரும் என்று முன்பே பேச்சு வந்துவிட்டது. கழுவுகிற பெண்கள், புல் வெட்டுகிறவர்கள், காவலுக்கு நிற்பவர்கள், நான், எல்லாமாக நாற்பது வீட்டு அடுப்பு அந்த எழுபத்தாறில் இருந்தது.

முதல் மூன்று நாளும் எழுபத்தைந்தைத் தொடவில்லை. எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை. டி.சி.யை ஏ.சி.யாக மாற்றுகிற இன்வெர்ட்டர்கள் நன்றாக ஓடின. பேனல்களைக் கழுவி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கலைவாணி மேடம் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே மூடி வைத்ததைப் பார்த்தேன்.

நான்காம் நாள் ஆயுத பூஜை. காலை பத்து மணிக்குக் கட்டுப்பாட்டு அறை முன்னால் பொரி கடலை, வாழைப்பழம், பூசணிக்காய் என்று எல்லாம் தயார். ஆவூரிலிருந்து வருகிற கிறிஸ்தவப் பெண்களும் கூட நின்று குலவை போட்டார்கள். இன்வெர்ட்டர், டிராக்டர், தண்ணீர் மோட்டார், கிளாம்ப் மீட்டர் எல்லாவற்றுக்கும் பாக்கியம் கையால் சந்தனம், குங்குமம். என் டெஸ்டருக்குக்கூடப் பொட்டு. அன்று மாலை கணினியில் பார்த்தால் பி.ஆர். எழுபத்தெட்டுக்குப் பக்கம் வந்து நின்றது.

“பாத்தீங்களாண்ணே, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா” என்றார் பாக்கியம். எல்லாரும் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தோம். கலைவாணி மேடம் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் உறுத்தியது. செத்த சரம் பூஜை போட்டு எழுந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஆறரைக்குத் துணியோடு குமிழைத் துடைக்கப் போனேன். வெயில்கண்ணுக்குப் பொட்டு வைத்திருந்தது.

குமிழின் முன்பக்கம், சற்றுக் கீழே, சின்னதாகச் சந்தனமும் நடுவில் குங்குமமும். வைத்த விரல் ஈரமாக இருந்திருக்க வேண்டும், சந்தனம் மேலே இழுபட்டுக் கண்ணாடி மேல் மெல்லிய படலமாகக் காய்ந்திருந்தது. கருவிக்குள் போகிற வெயிலை அது நூற்றுக்கு நாலு பங்கு மறைத்துவிட்டது. வெயில் குறைவு என்று கருவி சொல்ல, கரண்ட் வழக்கம்போல வர, கொஞ்சம் நெல்லுக்கு நிறைய அரிசி வந்த மாதிரிக் கணக்குக் காட்டியது. அவ்வளவுதான் சங்கதி. வழக்கமாக இப்படிக் கருவிகள் இரண்டு இருக்கும், ஒன்று சொன்னதை மற்றது சரிபார்க்கும். அந்த மாதம் ஒன்றைச் சோதித்து வர வெளியூருக்கு அனுப்பியிருந்தோம்.

துணி என் கையில் இருந்தது. நான் துடைக்கவில்லை.

துடைத்தால் பி.ஆர். மறுபடி எழுபத்தைந்துக்கு இறங்கும், ஏழாம் நாள் நாங்கள் தோற்போம். விட்டுவிட்டால் இன்னும் மூன்று நாளில் சராசரி எழுபத்தாறைத் தாண்டிவிடும். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. யாரும் கெட்ட எண்ணத்தில் வைத்ததும் இல்லை. ஆலை மூடிய அன்று கேட்டுக்கு வெளியே நின்றவர்களின் முகம் எனக்கு மறக்கவில்லை. இத்தனையும் ஒரு நிமிஷத்துக்குள் யோசித்துவிட்டேன். அறைக்குத் திரும்பி வந்து லாக் புத்தகத்தில் ‘குமிழ் துடைக்கப்பட்டது’ என்று எழுதி, அழகாகக் கையெழுத்தும் போட்டேன்.

பதினொரு மணிக்குக் கலைவாணி மேடம் கூப்பிட்டார். திரையில் இரண்டு கோடுகள். “தங்கவேல் சார், சரங்கள்ல வர்ற கரண்ட் மூணாம் நாள் இதே நேரத்துக்கு இருந்த மாதிரியே இருக்கு. வெயில் மட்டும் கொறஞ்சிருக்கு. எப்படி?”

“மேகமா இருந்திருக்கும் மேடம்.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

“அளந்து சொல்றீங்களா, நெனச்சுச் சொல்றீங்களா?”

எத்தனையோ தடவை கேட்ட கேள்வி. அன்று என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், துணியோடு போய்த் துடைக்காமல் வந்தது உட்பட. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் உண்டு. ஐம்பதைத் தாண்டியவன், பொய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு இளைய பெண்ணுக்கு முன்னால் நின்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. “வாங்க, போய்ப் பாக்கலாம்” என்று தொப்பியை எடுத்துக்கொண்டார்.

பொட்டைப் படம் எடுத்தார். கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பன்னிரண்டுக்குத் துடைக்கச் சொன்னார். நான் துடைத்தேன். அறையில் இருந்த பையன்கள் வெயில் திடீரென்று ஏறியதை வாக்கி டாக்கியில் கூவினார்கள். எவ்வளவு ஏறியது என்று மேடம் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு லாக் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

“பக்கத்தக் கிழிக்காதீங்க. மை பூசி மறைக்காதீங்க. ஒரு கோடு போட்டு அடிங்க, அடிச்சது படிக்கத் தெரியணும். பக்கத்துல நடந்தத எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் பரிசோதகருக்கு ஒரு கடிதம். அதையும் நீங்களே எழுதுங்க.”

“மேடம், நாப்பது பேர் பொழப்பு...”

“தெரியும் சார். என்னையும் சேத்துத்தான்.”

கடிதத்தைத் தமிழில் எழுதினேன். ‘பூஜையின்போது பணியாளர் ஒருவர் அறியாமல் பொட்டு வைத்துவிட்டார்’ என்று எழுதினேன். பெயர் போடவில்லை, பாக்கியத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு. அதற்குள் விஷயம் பரவி அவரே வந்துவிட்டார். கடிதத்தை வாங்கி, உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“யாருண்ணே இது, பணியாளர் ஒருவர்?”

“ஒன் பேரு வேணாம்னு பாத்தேன் பாக்கியம். வேலைக்கு ஏதும் வந்துரக் கூடாதுல்ல.”

“பேரில்லாம எழுதுனா என்னவோ களவாண்டுட்டு ஒளிஞ்ச மாதிரில்ல இருக்கு? நான் கும்புட்டுத்தானண்ணே வச்சேன். எல்லா மிசினுக்கும் வச்சுட்டு, வெயிலப் பாக்குற கண்ணுக்கு வைக்காட்டி அது கோவிச்சுக்காதா? எம் பேரப் போடுங்க. அறியாமன்னும் போடாதீங்க. அறிஞ்சுதான் வச்சேன். அதுல கணக்குக் கெட்டுப்போகும்னுதான் தெரியல.”

கலைவாணி மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வேறு தாள் எடுத்து, பாக்கியம் சொன்னபடியே எழுதினேன்.

பரிசோதகர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் முகத்தில் எதையும் காட்ட மாட்டார். கருவி ஒரு நாள் தவறியிருந்தாலும் ஏழு நாள் சோதனையும் செல்லாது, பத்து நாள் கழித்து முதலிலிருந்து நடத்த வேண்டும் என்றார். மறுபடி குறைந்தால் அதோடு முடிந்தது. எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து மேடத்துக்குப் போன் வந்தது. அந்தப் பக்கத்துக் குரல் அறைக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. மேடம் “ஆமா சார், நாந்தான் அனுப்பச் சொன்னேன்” என்று மட்டும் மூன்று தடவை சொன்னார்.

பத்து நாளில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வெயில் நிமிர்ந்து நிற்கிற பதினொன்றிலிருந்து ஒன்று வரைதான் ஒப்பிட்டு அளக்க முடியும். அந்த இரண்டு மணி நேரத்தில் பெட்டி பெட்டியாகத் திறந்து, ஒவ்வொரு சரத்திலும் கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டு, அந்த நிமிஷத்து வெயிலோடு சேர்த்து எழுதினோம். மூன்று நாள் இதே வேலை. என் கழுத்துத் தோல் உரிந்தது. நாலாம் நாள் மேடம் எண்களை எல்லாம் ஒரு பெரிய தாளில் பரப்பினார். கிழக்குப் பாதிப் பிளான்ட் சரியாக இருந்தது. மேற்குப் பாதியில் ஒவ்வொரு சரமும் கொஞ்சம் கொஞ்சம் குறைவு. செத்த சரம் ஒன்றுகூட இல்லை, எல்லாமே லேசாகச் சோர்ந்து கிடந்தன. கம்பிக் கோளாறு என்றால் இப்படி எல்லாவற்றிலும் ஒரே அளவாக வராது. பேனலைத் தொட்டுப் பார்த்தால் தூசி இல்லை. எங்களுக்குத் தலை சுற்றியது.

பாக்கியம் கதவோரம் நின்று அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், இங்கிட்டு இருக்குறது பூராம் பழைய போரு தண்ணியில கழுவுறது. அங்கிட்டு, கொறயுதுன்னு சொல்றீங்கள்ல, அது போன கோடைக்கு அப்பறம் போட்ட புதுப் போருல கழுவுறது. அந்தத் தண்ணி சரியில்ல.”

மேடம் பழக்கத்தில் கேட்டுவிட்டார். “அளந்து சொல்றீங்களா பாக்கியக்கா, நெனச்சுச் சொல்றீங்களா?”

“குளிச்சுச் சொல்றேன் மேடம்.”

அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாக்கியம் சிரிக்கவில்லை. வேலை முடிந்து அந்தப் போரில் கைகால் கழுவினால் சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் முடி சிக்குப் பிடிக்கும், பிடித்து வைத்த குடத்தின் உட்புறம் ஒரு வாரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும் என்றார். சூடேறின கண்ணாடி மேல் அந்தத் தண்ணீர் காய்ந்தால் உப்பு எங்கே போகும்? நாங்கள் ஓடிப்போய் மேற்குப் பக்கத்துப் பேனல் ஒன்றைக் குனிந்து, வெயிலுக்குச் சாய்வாகப் பார்த்தோம். நேரே பார்த்தால் பளிச்சென்று இருந்த கண்ணாடி, சாய்த்துப் பார்த்தால் கண்ணில் புரை விழுந்த மாதிரி இருந்தது. கழுவக் கழுவ நாங்களே அழுக்காக்கியிருக்கிறோம்.

“கொடத்துக்குன்னா புளி போட்டுத் தேப்போம்” என்றார் பாக்கியம். புளி வேண்டாம் என்று மேடம் பேனலுக்குரிய கையேட்டைப் புரட்டினார். லேசான புளிப்புக் கரைசல் தடவலாம், உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும் என்று அதில் இருந்தது. பேனல் தயாரித்தவர்களுக்கும் எழுதிக் கேட்டுச் சம்மதம் வாங்கினார். இலுப்பூர் மளிகைக் கடைகளில் இருந்த எலுமிச்சை உப்பை எல்லாம் நான் வாரிக்கொண்டு வந்தேன். ஊறுகாய் பிசினஸா என்று கடைக்காரர் கேட்டார்.

முதலில் ஒரே ஒரு சரம். பாக்கியம் கரைசலைத் தொட்டுத் தேய்த்தார், பழைய போரிலிருந்து டேங்கரில் கொண்டுவந்த தண்ணீரில் அலசினார். மறுநாள் உச்சிவெயிலில் அந்தச் சரத்தையும் பக்கத்துச் சரத்தையும் மாறி மாறி அளந்தேன். தேய்த்த சரம் கிழக்குப் பாதியோடு தோளோடு தோள் நின்றது. மீட்டரைத் தூக்கி மேடத்திடம் காட்டினேன். “அளந்து சொல்றேன் மேடம்” என்றேன். அவர் முகத்தில் அந்த மாதத்தின் முதல் சிரிப்பைப் பார்த்தேன்.

மிச்சம் இருந்தது ஐந்து நாள். விடிந்ததும் ஆரம்பித்துக் கண்ணாடி சூடேறும் முன் ஒன்பதுக்குள் நிறுத்துவது, மறுபடி வெயில் தாழ்ந்த பிறகு நாலரைக்குத் தொடங்குவது என்று பாக்கியம் திட்டம் போட்டார். பதினெட்டுப் பெண்களோடு காவலர்கள் வந்தார்கள், புல் வெட்டுகிறவர்கள் வந்தார்கள், மேடம் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு துடைப்பானை எடுத்தார். நானும் எடுத்தேன். பாக்கியம் எங்களை எல்லாம் விரட்டினார். “தங்கவேலண்ணே, மேலருந்து கீழ இழுங்க, கோலமா போடுறீங்க?” என்று என் மானத்தை வாங்கினார். ஐந்தாம் நாள் மாலை கடைசி வரிசை முடிந்தது. இத்தனை வருஷ வேலையில் நான் நிமிர்ந்து நின்ற நாள் எது என்று யாராவது கேட்டால், முதுகு நிமிராமல் கிடந்த அந்த நாளைத்தான் சொல்வேன்.

மறுசோதனை தொடங்கியது. தினமும் காலையில் பரிசோதகர் என் கூடவே வந்து நான் குமிழைத் துடைப்பதைப் பார்த்தார். ஏழு நாளும் வந்தார். ஏழாம் நாள் மாலை ஆறு மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் இடம் போதாமல் ஆட்கள் வாசலில் நின்றார்கள். பரிசோதகர் கணக்குப் போட்டார். ஒரு தடவை அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

“எழுபத்தாறு புள்ளி ரெண்டு.”

வாசலில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் அழுதேன், மறைக்கவில்லை.

சத்தம் அடங்கியதும் பரிசோதகர் அறிக்கையை நூலில் கோத்து மேடத்திடம் கொடுத்தார். பாக்கியத்தின் பெயர் அதில் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, கூடவே கோத்திருந்த என் கடிதத்தில், குமிழில் பொட்டு வைத்தவர் என்று. இன்னொன்று கடைசிப் பக்கத்தில், புதுப் போரின் உப்பைக் கண்டுபிடித்தவர் என்று. மேடம் இரண்டையும் அவருக்குக் காட்டினார்.

“எனக்கு ஒரு ஜெராக்ஸ் கெடைக்குமா மேடம்? வீட்டுல கண்ணாடி போட்டு மாட்டணும்.”

“இதோ எடுத்துத் தர்றேன்க்கா” என்று மேடம் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார்.

“ரெண்டையும் எடுங்க.”

“அந்தக் கடிதம் எதுக்குக்கா?”

“ரெண்டும் நாந்தானே மேடம்” என்றார் பாக்கியம்.

மேடம் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துக் கொடுத்தார். இயந்திரம் சூடாக இருக்கும்போதே நான் லாக் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். ‘குமிழ் துடைக்கப்பட்டது’ என்று எழுதி, கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘இது பொய். நான் துடைக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்த பக்கத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, எனக்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன்.